உள்ளங்கையில் அடங்கும் காவல்: பண்டைய எகிப்தின் உலோகத் தெய்வ உருவங்கள்

மனிதன் எதற்கெல்லாம் அஞ்சினானோ அதற்கெல்லாம் ஒரு காவலைத் தேடிக்கொண்டான். நோய்க்கும் நச்சுயிர்களுக்கும் அஞ்சியவன் மருந்தைத் தேடினான். மருந்து கைவிட்ட இடத்தில் தெய்வத்தைத் தேடினான். பிரமிடு, கோயில், கல்லறை என்று மலைக்க வைக்கும் படைப்புகளுக்குப் பெயர்பெற்ற பண்டைய எகிப்து, இந்தத் தேடலுக்கு மிகச் சிறிய விடை ஒன்றையும் விட்டுச் சென்றிருக்கிறது. அதுதான் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உலோகத் தெய்வ உருவங்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றபின் தேசிய இடைநிலைப்பள்ளியில் வரலாற்றை மலாய்மொழியில் கற்றவர்கள் நம்மில் பலர். நானும் அப்படித்தான். அந்தப் பாடநூல் வழியே எனக்கு அறிமுகமான எகிப்தில் மன்னர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கல்லறைகள் இருந்தன. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அங்கிருந்த ஒரு தாய் என்ன செய்திருப்பாள் என்ற கேள்வி எழவே இல்லை. தேர்விலும் அது வராது. பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் படிக்க வந்து, உலோக அரிப்பைப் பற்றிய பாடத்திற்காக நூலகத்தில் தேடியபோதுதான் இச்சிற்றுருவங்கள் என் கண்ணில் பட்டன. அவற்றை இன்றுவரை படங்களில்தான் கண்டிருக்கிறேன். ஆயினும் பாடநூலில் காணாத அந்தத் தாயை நான் முதன்முதலில் சந்தித்தது இவ்வுருவங்களின் அடிப்பீடத்தில்தான். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சுறுத்தும் முகமே காவல்

எகிப்தியரின் காவல் தெய்வங்களை முதன்முறை பார்ப்பவருக்கு வியப்பு ஏற்படலாம். அவற்றுள் பல அழகானவை அல்ல. பெஸ் என்னும் தெய்வத்தையே எடுத்துக்கொள்வோம். குள்ள உருவம், வளைந்த கால்கள், சிங்கத்தின் பிடரியும் காதும், தலையில் உயர்ந்த இறகுக் கிரீடம், வெளியே நீட்டிய நாக்கு. எகிப்திய ஓவியங்களில் தெய்வங்கள் பெரும்பாலும் பக்கவாட்டு முகம் காட்டி நிற்கும். பெஸ் மட்டும் நேருக்கு நேர் நம்மை முறைத்துப் பார்ப்பார். கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் உறங்குபவர்களையும் காப்பது இவருடைய பொறுப்பு. ஆகவேதான் கட்டில், தலையணைத் தாங்கி, கண்ணாடியின் கைப்பிடி என்று வீட்டுப் பொருள்களில் எல்லாம் இவர் இடம்பெற்றார். தீயவை எதுவாயினும் அந்த முகத்தைக் கண்டு திரும்பி ஓடட்டும் என்பதே நம்பிக்கை.

தவேரெத் என்னும் தெய்வம் நிமிர்ந்து நிற்கும் நீர்யானை. அவளுக்குச் சிங்கத்தின் பாதங்கள், முதலையின் முதுகு, கருவுற்ற வயிறு. நைல் நதிக்கரையில் வாழ்ந்தவர்களுக்கு நீர்யானையும் முதலையும் கதைப் பொருள்கள் அல்ல. நாள்தோறும் உயிரைப் பறிக்கக்கூடிய விலங்குகள். தன் குட்டியைக் காக்க நீர்யானை காட்டும் மூர்க்கத்தை அவர்கள் கண்டிருந்தார்கள். அந்த மூர்க்கம் தம் பக்கம் இருக்கட்டும் என்று விரும்பினார்கள். தவேரெத் என்ற பெயருக்குப் ‘பெரியவள்’ என்பது பொருள்.

செக்மெத்தின் கதை இதனினும் ஆழமானது. சிங்க முகம் கொண்ட இத்தெய்வம் கொள்ளைநோயை அனுப்புபவள். நோயைத் தருபவளே அதை நீக்கவும் வல்லவள் அல்லவா? எனவே அவளுடைய பூசாரிகள் மருத்துவத்தோடு தொடர்புடையவர்களாக விளங்கினர். சினம் தணிந்த அதே ஆற்றலின் சாந்தமான வடிவமாகக் கருதப்பட்டவள் பூனை வடிவினளான பாஸ்தெத். பூனை பாம்பையும் எலியையும் கொல்லும். தன் குட்டிகளை வாயில் கவ்விச் சென்று காக்கும். பாஸ்தெத்தின் வெண்கல உருவங்கள் சிலவற்றில் அவளுடைய காலடியில் சின்னஞ்சிறு பூனைக்குட்டிகள் அமர்ந்திருப்பதைக் காணலாம்.

இவர்கள் எல்லாரையும்விட மிகுதியாக வார்க்கப்பட்டவர்களுள் ஒருத்தி ஐசிஸ். மடியில் குழந்தை ஹோரஸை வைத்துப் பாலூட்டும் கோலத்தில் அவள் அமர்ந்திருப்பாள். பகைவனான சேத்துக்கு அஞ்சி, நைல் கழிமுகத்துச் சதுப்பு நிலத்தில் அவள் குழந்தையை ஒளித்து வளர்த்தாள். ஒருநாள் குழந்தையை நஞ்சு தீண்டிவிட, அவள் எழுப்பிய ஓலத்தில் கதிரவனின் படகே நின்றுபோயிற்று. தோத் என்னும் தெய்வம் இறங்கி வந்து நஞ்சை நீக்கியது. இக்கதை மெட்டர்னிக் கல்வெட்டில் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு இன்று நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அரும்பொருளகத்தில் உள்ளது. தேள் கொட்டிய குழந்தைக்கு மந்திரம் ஓதும்போது அந்தக் குழந்தையையே ஹோரஸாகப் பாவித்தார்கள். ஒருமுறை பிழைத்த குழந்தை மறுமுறையும் பிழைக்கும் என்பதுதான் அதன் தர்க்கம்.

தங்கத்திலிருந்து வெண்கலத்திற்கு

எல்லாக் காவல் உருவங்களும் உலோகத்தால் ஆனவை அல்ல. மிகப் பெரும்பாலான தாயத்துகள் படிகக்கல் பொடியைக் குழைத்துச் சுட்டு, நீலப் பளபளப்பு ஏற்றிய மலிவான பொருளால் ஆனவை. அகநாத்தென் மன்னன் பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டு ஒரே கதிரவனை வழிபடச் செய்த காலத்திலும், அவனுடைய தலைநகரான அமர்னாவின் வீடுகளில் பெஸ், தவேரெத் உருவங்கள் இருந்தன என்பதை அகழாய்வுகள் காட்டுகின்றன. அரசாணை பெரிய கோயில்களின் கதவை மூடலாம். பிரசவ அறைக்குள் அது நுழைவது அரிது.

உலோக உருவங்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. தெய்வங்களின் தசை தங்கம், எலும்பு வெள்ளி, கூந்தல் நீலக்கல் என்று எகிப்தியர் நம்பினர். பாரிஸின் லூவர் அரும்பொருளகத்தில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு தங்கச் சிற்பத் தொகுதி இருக்கிறது. நடுவில் ஒசைரிஸ் ஒரு நீலக்கல் தூணின்மேல் குந்தியிருக்க, இருபுறமும் ஐசிஸும் ஹோரஸும் கையுயர்த்திக் காவல் நிற்கின்றனர். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் ஒசோர்க்கோன் மன்னனின் பெயர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. மன்னனுக்கும் காவல் தேவைப்பட்டது என்பதற்கு இதுவே சான்று.

தங்கத்தைத் தொட முடியாதவர்களுக்கு வெண்கலம் இருந்தது. புதிதாக வார்த்து மெருகேற்றிய வெண்கலம் பொன்போல மின்னும். கி.மு. 1070ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய காலக்கட்டத்தில் வெண்கல உருவங்கள் பெருகின. கி.மு. 664 முதல் 332 வரையிலான பிற்காலத்தில் அவை ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. அந்நிய ஆட்சிகளும் போர்களும் மாறி மாறி வந்த காலம் அது. பூசாரிகளும் அலுவலர்களும் குடும்பத் தலைவிகளும் கோயிலுக்குச் சென்று இவ்வுருவங்களைக் காணிக்கையாக்கினர்.

மெழுகு உருகி, உலோகம் புகுந்து

இவை வார்க்கப்பட்ட முறையை நம்மவர்க்கு விளக்குவது எளிது. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் கையாளும் மெழுகு வார்ப்பு முறையின் அடிப்படைதான் எகிப்திலும் இருந்தது. முதலில் தேன்மெழுகில் உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் களிமண் பூசி, உலர்த்திச் சுடுவார்கள். மெழுகு 65 பாகை செல்சியஸுக்குள்ளேயே உருகி வெளியேறிவிடும். உள்ளே தெய்வத்தின் வடிவில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் களிமண்ணை உடைத்தெடுத்தால் உருவம் கிடைக்கும். பெரிய உருவமாயின் உள்ளே மணலும் களிமண்ணும் கலந்த கருவை வைத்து உள்ளீடற்றதாக வார்ப்பார்கள். உலோகச் செலவு குறையும். சிற்றுருவங்கள் பெரும்பாலும் கெட்டியாகவே வார்க்கப்பட்டன.

உலோகக் கலவையில்தான் எனக்கு ஆர்வம் மிகுதி. தூய செம்பு 1,085 பாகையில் உருகும். அதில் பத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் அது 1,000 பாகையை ஒட்டி வந்துவிடும். வார்ப்பும் உறுதி பெறும். காரீயம் சேர்த்தால் உருகிய உலோகம் நன்றாக ஓடி, விரல் நுனி, காதோரம், கிரீடத்தின் இறகு என்று நுணுக்கமான இடங்களிலும் புகும். காரீயம் விலை மலிவானதும்கூட. எனவே பிற்கால உருவங்கள் பலவற்றில் காரீயத்தின் அளவு கூடியிருப்பதைக் காண்கிறோம். தீபெஸ் நகரில் உள்ள ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், தொழிலாளர்கள் காலால் துருத்தியை மிதித்து உலையை மூட்டும் காட்சி இன்றும் இருக்கிறது. ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட ஓவியம் அது.

காலடியில் இருக்கும் கதை

இவ்வுருவங்களைப் பார்க்கும்போது நாம் இயல்பாக முகத்தைத்தான் பார்ப்போம். நான் வேண்டுவது காலடியைப் பாருங்கள் என்பதே.

கழுத்துக்குப் பின்னால் ஒரு சிறு வளையம் இருந்தால் அது அணிந்துகொள்ளவோ தொங்கவிடவோ செய்யப்பட்டது. பாதத்தின் அடியில் ஆணி போன்ற ஒரு முளை நீட்டிக்கொண்டிருந்தால் அது ஓர் அடிப்பீடத்தில் செருகப்பட்டு நின்றது. அந்தப் பீடம் வெண்கலத்தாலோ மரத்தாலோ ஆனதாக இருக்கும். பெயர் எழுதப்படுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

என்ன எழுதினார்கள்? நீண்ட துதிப்பாடல் எதுவும் இல்லை. ‘ஐசிஸ் உயிர் அருள்வாளாக’ என்பது போன்ற ஒரு சொற்றொடர். அதனை அடுத்து யாருக்கு என்ற விவரம்: இன்னாருக்கு, இன்னாரின் மகனுக்கு, இல்லத் தலைவியான இன்னாள் பெற்றவனுக்கு. தந்தையின் பெயரோடு தாயின் பெயரும் அங்கே இடம்பெறுவதுண்டு. காவல் மந்திரங்களிலும் ஒருவரைத் தாயின் பெயரால் அடையாளம் காட்டுவதே வழக்கம். நம்முடைய அடையாள அட்டையில் தந்தையின் பெயர் மட்டுமே நம் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சாண் உயரம்கூட இல்லாத வெண்கல உருவத்தின் குறுகிய பீடத்தில் தாயின் பெயருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எகிப்தியர்க்குப் பெயர் என்பது வெறும் அடையாளம் அன்று. அது மனிதனின் ஒரு கூறு. பெயர் அழிந்தால் ஆளே அழிந்ததாகப் பொருள். பெயர் சொல்லப்படும்வரை அவருக்கு வாழ்வு உண்டு. இந்த நம்பிக்கையை மனத்திற்கொண்டு பார்த்தால் இவ்வுருவம் வெறும் சிலையன்று என்பது விளங்கும். அது ஒரு விண்ணப்பம். தெய்வத்தின் உருவம் யாரிடம் கேட்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. பீடத்தில் உள்ள பெயர் யாருக்காகக் கேட்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் விண்ணப்பம் முழுமை பெறும்.

இதே காலத்தில் எழுத்திலும் இத்தகைய காவல் இருந்தது. 22ஆம் அரச மரபை ஒட்டிய காலத்தில் குழந்தைகளுக்காகப் பாப்பிரஸ் தாளில் நீண்ட காவல் ஆணைகளை எழுதி, சுருட்டிச் சிறு குழலில் இட்டுக் கழுத்தில் அணிவித்தார்கள். பாம்பு, தேள், நோய், தீய ஆவி என்று ஒவ்வோர் ஆபத்தையும் பெயர் சொல்லி, இவற்றிலிருந்து இக்குழந்தையைக் காப்போம் என்று தெய்வங்களே வாக்களிப்பதாக அவை அமைந்துள்ளன. அந்தப் பட்டியலைப் படிப்பவர்க்கு அக்காலப் பெற்றோர் எதற்கெல்லாம் உறக்கம் இழந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

புதைக்கப்பட்ட தெய்வங்கள்

காணிக்கைகள் பெருகப் பெருகக் கோயிலில் இடம் போதாமற்போனது. ஆனால் தெய்வத்திற்குக் கொடுத்ததை உருக்கி விற்கவோ வீசி எறியவோ எளிதில் மனம் வருமா? எனவே பழைய உருவங்களைத் திரட்டிக் கோயில் வளாகத்திற்குள்ளேயே குழிதோண்டிப் புதைத்தார்கள். 1903இல் ஜார்ஜ் லெக்ரேன் என்ற பிரெஞ்சு அகழாய்வாளர், கார்னாக் கோயிலின் முற்றத்தில் அத்தகைய குழி ஒன்றைக் கண்டறிந்தார். நிலத்தடி நீரோடு போராடிச் சில ஆண்டுகள் தோண்டியதில் நூற்றுக்கணக்கான கற்சிலைகளும் சுமார் 17,000 வெண்கல உருவங்களும் வெளிப்பட்டன.

சக்காராவும் இத்தகைய ஓர் இடமே. அங்கு 2022 மே மாதம் எகிப்தியத் தொல்லியலாளர்கள் 150 வெண்கல உருவங்களையும் 250 மரப் பெட்டிகளையும் கண்டெடுத்ததாக அறிவித்தனர். ஐசிஸ், பாஸ்தெத், அனூபிஸ், ஒசைரிஸ் முதலிய தெய்வங்களோடு, பிற்காலத்தில் தெய்வமாக வணங்கப்பட்ட கட்டடக் கலைஞர் இம்ஹோதெப்பின் தலையற்ற உருவமும் அவற்றுள் இருந்தது. எந்த இடத்தில், எதற்கு அருகில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தன என்பதெல்லாம் பதிவாகியிருப்பதே இக்கண்டுபிடிப்பின் சிறப்பு.

பிரிக்கப்பட்ட பீடங்கள்

எல்லா உருவங்களுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. லண்டனின் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் உள்ள கேயர்-ஆண்டர்சன் பூனையை நீங்கள் படத்தில் பார்த்திருக்கலாம். 42 சென்டிமீட்டர் உயரம், காதிலும் மூக்கிலும் பொன் வளையம், மார்பில் வெள்ளிப் பதக்கம். மற்ற உருவங்களைவிடச் சற்றே பெரியது. இது சக்காராவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அகழாய்வில் கிடைத்ததன்று, சந்தையில் வாங்கப்பட்டது. அது கேயர்-ஆண்டர்சன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால்தான் இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. வாங்கியவரின் பெயர் நிலைத்துவிட்டது. காணிக்கையாகக் கொடுத்தவரின் பெயர் போய்விட்டது.

பல்லாயிரம் சிற்றுருவங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். மரப்பீடங்கள் மக்கின. எஞ்சியவற்றிலும் உருவத்தைத் தனியே பிடுங்கி, பளபளப்பான புதுக் கட்டையில் பொருத்தி விற்றார்கள். ஒரு காலத்தில் இது சட்டத்திற்கு உட்பட்ட வணிகமாகவே நடந்தது. கெய்ரோ அரும்பொருளகத்திலேயே விற்பனைக் கூடம் ஒன்று இயங்கியது. 1983இல் எகிப்து இயற்றிய 117ஆம் எண் சட்டமே இவ்வணிகத்தைத் தடைசெய்தது. ஆயினும் திருட்டு ஓயவில்லை. 2013 ஆகஸ்டில் கலவரத்தின்போது மல்லாவி நகர அரும்பொருளகம் சூறையாடப்பட்டு ஏறத்தாழ 1,000 பொருள்கள் களவுபோயின. பெரும்பாலானவை பின்னர் மீட்கப்பட்டு, 2016இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளங்கையில் அடங்குவது அணிபவர்க்கு வசதி. திருடுபவர்க்கும் அதுவே வசதி.

உலோகத்திற்கு வரும் நோய்

மீட்கப்பட்ட உருவத்திற்கும் ஆபத்து நீங்குவதில்லை. மண்ணில் உள்ள உப்பு செம்போடு சேர்ந்து ஒரு குளோரைடாக உலோகத்தின் உள்ளே தங்கிவிடும். தோண்டியெடுத்தபின் காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அது வெளிர்பச்சைப் பொடியாக மாறும். அவ்வாறு மாறும்போது அமிலமும் உண்டாகி, நல்ல உலோகத்தை மேலும் அரிக்கும். அரிப்பு மீண்டும் குளோரைடைத் தரும். இப்படிச் சுழன்று சுழன்று முழு உருவமே பொடியாகிவிடக்கூடும். இதனை ‘வெண்கல நோய்’ என்றே துறையினர் அழைக்கின்றனர். ஈரப்பதத்தை 40 விழுக்காட்டிற்குக் கீழே வைத்திருப்பது இதைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று. எந்நாளும் 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரத்தில் வாழும் நமக்கு அது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

முற்காலத்தில் பச்சை படிந்த உருவங்களை மின்பகுப்பு முறையில் வெறும் உலோகம் தெரியும்வரை உரித்தெடுத்தனர். அதோடு பொன்பூச்சின் எச்சமும் எழுத்தின் கோடுகளும் போயின. இன்று உருவத்தைத் தொடாமலேயே உள்ளே பார்க்கிறார்கள். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பல்லி, பாம்பு உருவங்கள் மேலே அமைந்த ஆறு மூடிய உலோகப் பெட்டிகளைத் திறக்காமலே நியூட்ரான் கதிரால் படம்பிடித்தனர். சிலவற்றின் உள்ளே விலங்கு எலும்பும் லினன் துணியும் இருந்தன. 2,000 ஆண்டுகளுக்கு மேல் மூடியிருந்த காணிக்கை, மூடியபடியே தன் செய்தியைச் சொன்னது. பொருளறிவியல் மாணவரான எனக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. ஒரு பொருளைக் காப்பது என்றால் அது சொல்ல வந்ததையும் சேர்த்துக் காப்பதே.

நிறைவாக

கல்லூரிக் காலத்திலோ பின்னர்ப் பணிநிமித்தமோ நம்மில் பலர் லண்டன், பாரிஸ், கெய்ரோ என்று பயணம் மேற்கொள்ளக்கூடும். அங்குள்ள அரும்பொருளகங்களில் பெருஞ்சிலைகளுக்கு முன் கூட்டம் நிற்கும். சுவரோரக் கண்ணாடிப் பேழையில் விரலளவு வெண்கலங்கள் வரிசையாக நிற்கும். அங்கே ஐந்து நிமிடம் செலவிடுங்கள். பீடம் இருக்கிறதா, அதில் எழுத்து இருக்கிறதா, கிடைத்த இடம் குறிப்பில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் இத்தகைய உருவம் விலைக்கு வந்தால், எங்கிருந்து, எந்த ஆண்டில், யார் வழியாக வந்தது என்று கேளுங்கள். விடை இல்லையேல் வாங்காதீர்கள், வாங்க நினைப்பவரையும் தடுங்கள்.

பீடத்தில் எழுத்து இருந்து, அதற்கு மொழிபெயர்ப்பும் அருகில் இருந்தால், அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தெய்வத்தின் பெயரை எல்லாரும் சொல்வார்கள். அதனிடம் உயிர் கேட்டு நின்றவரின் பெயரையும், அவரைப் பெற்றவளின் பெயரையும் சொல்ல ஆள் வேண்டும்.